வரைபடத்தில் வண்ணம் ஏறும் முன்பே வாருங்கள்: ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்போர் நலச் சங்கங்கள், உழவர் குழுக்கள், வணிகர் சங்கங்கள், வாடகைதாரர் அமைப்புகள், நீர்நிலைக் காப்புக் குழுக்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நிலப் பயன்பாட்டுத் திட்டங்களைத் தயாரிப்பதும், அவற்றின்மீது மக்கள் அனுப்பும் ஆட்சேபங்களைப் படித்துப் பதில் எழுதுவதும் எங்கள் வேலை. வரைவுத் திட்டம் வெளியாகும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடலை எழுதுகிறோம். அந்த நாளில் உங்கள் கைக்கு வருவது வண்ணம் தீட்டி முடித்த வரைபடம். எந்தப் பக்கம் ஊர் வளரும், எந்தச் சாலை அகலமாகும், எந்த வயல் மனையாகும் என்பதெல்லாம் அதற்குள் பல கோப்புகளில் முடிவாகி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அடியில் உள்ள ஒரு செங்கல்லை அப்போது உருவச் சொன்னால் எந்த அலுவலகமும் தயங்கும். அதே செங்கல்லை வைக்கும்போதே "இது கோணலாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் திருத்தியிருப்பார்கள்.

இது எங்கள் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. 1998-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் கையெழுத்தான சுற்றுச்சூழல் தகவல், மக்கள் பங்கேற்பு, நீதி அணுகல் பற்றிய உடன்படிக்கை, எல்லா வாய்ப்புகளும் திறந்திருக்கும் தொடக்க நிலையிலேயே மக்களை அழைக்க வேண்டும் என்கிறது. ஜெர்மனியின் கட்டடச் சட்டம் மக்களை இரண்டு முறை அழைக்கச் சொல்கிறது. திட்டத்தின் நோக்கமும் மாற்று வழிகளும் பேச்சில் இருக்கும்போது ஒரு முறை. வரைவு தயாரான பிறகு குறைந்தது ஒரு மாதம் பார்வைக்கு வைத்து மறுமுறை. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இந்த முதல் அழைப்பு இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் நீங்களாகவே போய்க் கதவைத் தட்டுங்கள். தொடக்க நிலையில் எழுத்துமூலம் வரும் தகவலை வாங்க மறுக்கும் அலுவலகம் அரிது, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர்களுக்கே தகவல் பஞ்சம்.

வேலை நடக்கும் வரிசையைத் தெரிந்துகொண்டால் எப்போது போவது என்பது விளங்கிவிடும். முதலில் திட்டப் பகுதியின் எல்லையை அறிவிப்பார்கள். பிறகு அடிப்படை வரைபடம். அதன்மேல், இன்று எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்ற கணக்கெடுப்பு. அடுத்து மக்கள்தொகை, வேலைவாய்ப்பு, தண்ணீர், போக்குவரத்து ஆகியவற்றின் முன்கணிப்பு. அதை வைத்து இரண்டு மூன்று மாற்று அமைப்புகள், அவற்றில் ஒன்றைத் தேர்ந்து வரைவுத் திட்டம், அதன் கூடவே வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள். இத்தனைக்கும் பிறகுதான் ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்கும் அறிவிப்பு வரும். கடைசியாக மன்றமோ அரசோ ஒப்புதல் தரும். எல்லை அறிவிப்பு வந்த வாரத்திலேயே உங்கள் சங்கத்தில் இரண்டு பேரை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒருவருக்கு வரைபடம் படிக்க வர வேண்டும். இன்னொருவருக்கு விதிகளின் வாசகத்தைப் பொறுமையாகப் படிக்க வர வேண்டும். இரண்டும் ஒருவரிடமே இருந்தாலும் இரண்டு பேர் இருப்பது நல்லது. திட்டப் பணி ஆண்டுக்கணக்கில் நீளும், ஒருவர் ஊர் மாறிப் போவார்.

எங்கள் அனுபவத்தில் உள்ளூர் மக்களின் அறிவு மிக அதிகமாகப் பயன்படும் இடம் இன்றைய நிலப் பயன்பாட்டு வரைபடம். மக்கள் மிகக் குறைவாக வரும் இடமும் அதுதான். அந்த வரைபடத்தைப் பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்து, ஆங்காங்கே மட்டும் களத்தில் சரிபார்ப்பார்கள். படம் கோடையில் எடுத்ததாக இருந்தால், மழைக்காலத்தில் நான்கு மாதம் தண்ணீர் நிற்கும் தாழ்நிலம் அதில் வெறும் புதராகத் தெரியும். "தரிசு" என்று ஒரு குறி விழுந்துவிடும். தரிசு என்று குறித்த நிலம் முன்கணிப்புக் கட்டத்தில் "வளர்ச்சிக்கு ஏற்ற நிலம்" ஆகும். அங்கிருந்து குடியிருப்பு மண்டலமாவதற்கு ஒரு படிதான். ஐந்து ஆண்டு கழித்து அங்கே வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், பிழை அந்தக் கோடைக்காலப் படத்தில் தொடங்கியது என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஆகவே முதல் கேள்வியாக, பயன்படுத்திய படம் எந்த மாதம், எந்த ஆண்டு எடுத்தது என்று எழுத்துமூலம் கேளுங்கள். பிறகு வரைபடத்தின் அச்சுப் பிரதியுடன் தெருத்தெருவாக நடங்கள். கண்ணில் எளிதில் படாதவற்றைத்தான் தேட வேண்டும். வாரம் ஒரு நாள் மட்டும் கூடும் சந்தை மற்ற ஆறு நாளும் காலி மைதானம். மேய்ச்சல் நிலம் காகிதத்தில் புறம்போக்கு. வீட்டின் முன்னறையில் நடக்கும் தையல் வேலையும் பட்டறையும் "குடியிருப்பு" என்ற ஒற்றை நிறத்துக்குள் மறைந்துவிடும். பட்டா இல்லாத குடிசைப் பகுதி பல வரைபடங்களில் வெற்றிடமாகவே இருக்கும், அங்கே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்தாலும். வாய்க்கால் ஒரு இடத்தில் மூடப்பட்டு மறுபக்கம் வெளிவந்தால், இடையில் உள்ள பகுதி வரைபடத்தில் அறுந்து போயிருக்கும். ஒவ்வொரு பிழைக்கும் புல எண், சரியான பயன்பாடு, தேதியுள்ள புகைப்படம் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் வைத்து ஓர் அட்டவணை தயாரியுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும்போது எடுத்த படம் ஒன்று, பத்துப் பக்க வாதத்தைவிட மேலானது. இந்த அட்டவணையில் கோரிக்கை எதுவும் எழுத வேண்டாம். அது வெறும் திருத்தப் பட்டியலாக இருக்கும்வரை அலுவலர் தயக்கமின்றி ஏற்றுக்கொள்வார். அதில் ஒரு கோஷம் சேர்ந்ததும் அது மனுவாகி, மனுக்களின் கோப்புக்குப் போய்விடும்.

வரைபடத்தின் அளவுகோலையும் கவனியுங்கள். 1:10,000 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 10 மீட்டர். மண்டல எல்லைக் கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால் தரையில் அது 5 மீட்டர். 1:25,000 அளவில் 12.5 மீட்டர். உங்கள் வீடு கோட்டின் எந்தப் பக்கம் என்ற சண்டை இந்தத் தடிமனுக்குள்தான் பிறக்கிறது. "எல்லையில் ஐயம் ஏற்பட்டால் புல எல்லையே மண்டல எல்லை" என்பது போன்ற ஒரு விதி திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைச் சேர்க்கச் சொல்வதே நல்ல ஆலோசனை. செலவில்லாத திருத்தம், பல வழக்குகளைத் தவிர்க்கும்.

அடுத்தது முன்கணிப்பு. இங்கே பொதுமக்கள் நுழைவதே இல்லை, கணக்கு என்றால் நமக்கெதற்கு என்று. ஆனால் எத்தனை ஹெக்டேர் விளைநிலம் மண்டலம் மாறும் என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. ஒரு லட்சம் பேர் வாழும் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வளர்ச்சி 2 சதவீதம் என்று வைத்தால் 20 ஆண்டில் மக்கள்தொகை ஏறத்தாழ 1,48,600. அதையே 3 சதவீதம் என்று வைத்தால் 1,80,600. வித்தியாசம் 32,000 பேர். ஹெக்டேருக்கு 100 பேர் என்று கணக்கிட்டால் இந்த ஒற்றைச் சதவீதம் 320 ஹெக்டேர் கூடுதல் நிலத்தைக் கேட்கும். அடர்த்தியை 150 என்று மாற்றினால் அதே 32,000 பேருக்கு 213 ஹெக்டேர் போதும். ஆக, விளைநிலத்தைக் காக்க நினைக்கும் குழு கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. வளர்ச்சி விகிதம் எங்கிருந்து வந்தது? கடைசி இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு இடையே உண்மையில் எவ்வளவு வளர்ந்தது? எந்த அடர்த்தியை வைத்தார்கள்? ஏற்கெனவே மண்டலம் மாற்றப்பட்டும் கட்டப்படாமல் கிடக்கும் மனைகளைக் கழித்தார்களா? நான்காவது கேள்விக்குப் பல நேரம் பதில் இருக்காது. பாதி மனைகள் காலியாகக் கிடக்கும் ஊரில் புதிதாக மண்டலம் மாற்றக் கேட்கும்போது அந்தக் கேள்விக்கு இருக்கும் வலு பெரிது.

இனி விதிகள். வரைபடத்தின் வண்ணத்தைப் பார்த்து மகிழ்வதோ பதறுவதோ போதாது. அந்த வண்ணத்துக்குள் என்ன செய்யலாம் என்பது விதிப் புத்தகத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் பொதுவாக மூன்று பத்திகள்: தானாகவே அனுமதிக்கப்படுவது, நிபந்தனையுடன் அனுமதிக்கப்படுவது, தடை செய்யப்பட்டது. முதலில் படிக்க வேண்டியது நடுப் பத்தி. "தொடர்புடைய பிற பயன்பாடுகள்", "உரிய அதிகாரி பொருத்தமெனக் கருதுபவை" போன்ற சொற்றொடர்கள் அங்கே ஒளிந்திருக்கும். விவசாய மண்டலத்தின் நடுப் பத்தியில் கிடங்கு, பொழுதுபோக்குப் பூங்கா, கல்வி நிறுவனம் எல்லாம் பரப்பளவு வரம்பே இல்லாமல் இருந்தால் அந்த மண்டலத்தின் பச்சை நிறத்துக்குப் பொருள் குறைவு. "கிடங்கு" என்பதை "விளைபொருள் சேமிப்புக் கிடங்கு, 500 சதுர மீட்டருக்கு மிகாமல்" என்று மாற்றக் கேட்பது, மண்டலத்தையே மாற்றாதே என்று கூட்டம் கூடிக் கத்துவதைவிடப் பலன் தரும்.

தளப்பரப்புக் குறியீட்டைப் பற்றித்தான் அதிகம் வாதம் நடக்கிறது, அதிகக் குழப்பமும் அங்கேதான். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு மொத்தத் தளப்பரப்பு கட்டலாம் என்பதே அது. குறியீடு 2 என்றால் இரண்டு மாடி என்று பலர் நினைக்கிறார்கள். 1,000 சதுர மீட்டர் மனையில் 2,000 சதுர மீட்டர் கட்டலாம் என்பதுதான் அதன் பொருள். மனையில் பாதியை மூடிக் கட்டினால் நான்கு தளம், கால்பங்கை மூடினால் எட்டுத் தளம். உயரம் எவ்வளவு என்பதைச் சொல்ல இன்னும் மூன்று விதிகள் வேண்டும்: சுற்றிலும் விட வேண்டிய இடைவெளி, உயர வரம்பு, வாகன நிறுத்தம்.

ஒரு சின்ன மனையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அகலம் 10 மீட்டர், நீளம் 20 மீட்டர், பரப்பு 200 சதுர மீட்டர். முன்னும் பின்னும் 3 மீட்டர், பக்கங்களில் இரண்டு இரண்டு மீட்டர் விட வேண்டும் என்றால் கட்ட மிஞ்சுவது 6-க்கு 14, அதாவது 84 சதுர மீட்டர். உயர வரம்பு மூன்று தளம் என்றால் மொத்தம் 252 சதுர மீட்டர். காகிதத்தில் 2 என்று இருந்த குறியீடு மனையில் 1.26 ஆகிவிட்டது. அடுத்த தெருவில் 2,000 சதுர மீட்டர் மனை வைத்திருப்பவருக்கு இந்த இடைவெளிகள் ஒரு பொருட்டே இல்லை. அவர் முழு 2-ஐயும் எடுத்துக்கொள்வார். ஒரே விதி சிறு மனைக்காரரைக் கட்டிப்போட்டுப் பெரு மனைக்காரருக்கு வழிவிடுவது இப்படித்தான். விதிமீறல் என்று நோட்டீஸ் வாங்கும் சிறு வீடுகளில் பெரும்பகுதி இந்த முரண்பாட்டில் பிறந்தவை என்பது எங்கள் உறுதியான கருத்து. சங்கங்கள் மனை அளவுவாரியாக இந்தக் கணக்கைப் போட்டு, "இத்தனை சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகளில் பக்க இடைவெளி ஒரு புறம் மட்டும் போதும், காற்றுக்கும் தீயணைப்புக்கும் பின்புறம் இவ்வளவு" என்று வாசகமாகவே எழுதிக் கொடுத்தால் திட்டக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேச முடியும்.

வாகன நிறுத்த விதியும் அப்படியே. ஒரு கார் நிற்க 2.5-க்கு 5 மீட்டர், 12.5 சதுர மீட்டர் போதும். ஆனால் உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகும். 80 சதுர மீட்டர் வீடுகள் 25, வீட்டுக்கு ஒரு கார் என்று விதித்தால் ஏறத்தாழ 700 சதுர மீட்டர் கார்களுக்கே போகும். 1,000 சதுர மீட்டர் மனையில் மரம் வைக்கவும் மழைநீர் இறங்கவும் மண் எங்கே இருக்கும்? பசுமை வேண்டும், வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்தமும் வேண்டும் என்று ஒரே மனுவில் கேட்கும் சங்கங்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மண் மூடுவதன் விளைவையும் எண்ணால் சொல்லலாம். ஒரு ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 5 லட்சம் லிட்டர். புல்வெளியாக இருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு லட்சம் லிட்டர் அளவில் ஓடும். மீதி நிலத்தில் இறங்கும். கூரையும் சிமென்ட் தரையுமாக மாறினால் ஓட்டம் ஐந்தில் நான்கு பங்கு, நான்கு லட்சம் லிட்டர். மண்ணின் வகை, சரிவு, முன்பு பெய்த மழை ஆகியவற்றால் இந்தப் பங்கு மாறும் என்றாலும் போக்கு மாறாது. 40 ஹெக்டேர் தாழ்நிலம் மண்டலம் மாறும்போது, கீழே உள்ள வடிகாலின் கொள்ளளவு என்ன, கூடுதல் ஓட்டத்தை அது தாங்குமா என்று கேட்பவருக்கு "வெள்ளம் வரும், வேண்டாம்" என்பவரைவிடத் தெளிவான பதில் கொடுத்தாக வேண்டும்.

தண்ணீருக்கும் இதே முறைதான். 5,000 புதிய வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 20,000 பேர். இந்தியாவில் கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரங்களுக்கு வழக்கமாகக் கொள்ளும் அளவு ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர். அதன்படி நாளுக்கு 27 லட்சம் லிட்டர் தேவை. அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று கொண்டால் 21 லட்சத்து 60 ஆயிரம் லிட்டரைச் சுத்திகரிக்க வேண்டும். எந்த நிலையத்தில், எந்த ஆண்டுக்குள், யார் செலவில் என்பதற்குத் திட்டத்தின் நிதிப் பகுதியில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒரு வரியும் இல்லையென்றால் அதுவே உங்கள் ஆட்சேபம்.

பூங்கா, பள்ளி, சாலை என்று வரைபடத்தில் ஒதுக்கிய இடங்களைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். தனியார் நிலத்தில் ஒதுக்கீடு செய்துவிட்டு வாங்கப் பணம் வைக்காத திட்டங்கள் ஏராளம். உரிமையாளரால் கட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. ஊருக்கும் பூங்கா வராது. மகாராஷ்டிரத்தின் 1966-ஆம் ஆண்டு நகரத் திட்டச் சட்டத்தில், 10 ஆண்டுகளில் கையகப்படுத்தாவிட்டால் உரிமையாளர் அறிவிப்புக் கொடுத்து ஒதுக்கீட்டிலிருந்து நிலத்தை விடுவித்துக்கொள்ள வழி இருக்கிறது. உங்கள் பகுதிச் சட்டத்திலும் இப்படிக் காலக்கெடு இருக்கலாம். எத்தனை ஒதுக்கீடுகள் சென்ற திட்டத்தில் இருந்தன, எத்தனை நிறைவேறின என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். புதிய ஒதுக்கீடு கேட்பதைவிட, பழையதில் இரண்டையாவது நிறைவேற்றப் பணம் ஒதுக்கச் சொல்வது பயனுள்ளது.

இப்போது ஆட்சேபம் எழுதும் விதம். எங்கள் மேசைக்கு வருபவற்றில் பெரும்பகுதி இப்படி இருக்கும்: "எங்கள் பகுதியை வணிக மண்டலமாக மாற்றுவதை வன்மையாகக் கண்டிக்கிறோம். மக்கள் கடும் அவதிக்கு உள்ளாவார்கள். உடனே ரத்து செய்ய வேண்டும்." உணர்வு உண்மையானது. ஆனால் எந்தப் பகுதி, எந்த எல்லை, என்ன அவதி, ரத்து செய்தால் அந்த இடத்துக்கு என்ன மண்டலம் என்பது எதுவும் அதில் இல்லை. பதில் எழுதுபவர் "பொதுவான ஆட்சேபம், பரிசீலிக்கப்பட்டது" என்று எழுதி முடித்துவிடுவார்; சட்டப்படி அதில் குறை சொல்லவும் முடியாது.

அதையே இப்படி எழுதலாம். கீழே உள்ளது மாதிரிக்காக நாங்கள் புனைந்த வாசகம்: "வரைபடத் தாள் 6-ல், புல எண்கள் 112 முதல் 119 வரை, வரைவுத் திட்டம் வணிக மண்டலம் என்று காட்டுகிறது. இவற்றுக்குச் செல்லும் தெருவின் அகலம் 7 மீட்டர். வணிகக் கட்டடங்களுக்கு அணுகுசாலை 12 மீட்டர் இருக்க வேண்டும் என்று வரைவு விதிகளே கூறுகின்றன. தெருவை அகலப்படுத்தும் முன்மொழிவு திட்டத்தில் இல்லை. ஆகவே இந்த எட்டுப் புலங்களையும் கலப்புக் குடியிருப்பு மண்டலமாக மாற்றி, தரைத்தளத்தில் 100 சதுர மீட்டருக்கு மிகாத கடைகளை அனுமதிக்குமாறு கேட்கிறோம். தெருவின் அளவீடு இணைப்பு 1, புகைப்படங்கள் இணைப்பு 2." இதை நிராகரிக்க வேண்டுமானால் அலுவலர் காரணம் எழுத வேண்டும், திட்டம் தன் சொந்த விதியோடு முரண்படுகிறது என்பதற்கு என்ன காரணத்தை எழுதுவார்? இடம், உண்மை, விதி, மாற்று வாசகம், சான்று என்ற ஐந்தும் இருந்தால் ஒரு பக்கமே போதும். ஒரு பிரச்சினைக்கு ஒரு கடிதம் என்று வையுங்கள். ஏழு பிரச்சினைகளை ஒரே மனுவில் எழுதினால் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும்.

எந்தக் காரணம் எடுபடும் என்பதையும் முன்பே அறிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தின் நடைமுறையில், என் வீட்டுச் சன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும் என்பதும், என் சொத்தின் மதிப்புக் குறையும் என்பதும் திட்ட அனுமதிக்கான காரணங்களில் சேராது. வெளிச்சம் மறைவது, அந்தரங்கம் பாதிக்கப்படுவது, போக்குவரத்து, இரைச்சல், வெள்ள அபாயம் ஆகியவை சேரும். பல நாடுகளில் இதே போக்குத்தான். மனுவின் முதல் வரியில் சொத்து மதிப்பைப் பற்றி எழுதிவிட்டால் பின்னால் வரும் நல்ல காரணங்களும் அந்த நிழலில் படிக்கப்படும்.

ஒரே வாசகத்தை அச்சடித்து ஆயிரம் கையெழுத்து வாங்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசியல் தலைவர்களைத் திரும்பிப் பார்க்கவைக்க அது உதவலாம். தொழில்நுட்பப் பரிசீலனையில் ஒரே மாதிரியான ஆயிரம் தாளையும் ஒரே ஆட்சேபமாகத் தொகுத்து ஒரே பதில் எழுதுவார்கள். அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கை, வெவ்வேறு தெருக்காரர்கள் தங்கள் தெருவின் அளவீட்டோடு எழுதும் முப்பது தனிக் கடிதங்களுக்குச் செலவிடுங்கள்.

காலக்கெடுவை விட்டுவிடாதீர்கள். ஜெர்மனியில் நேரம் கடந்து வந்த கருத்துகளை முடிவெடுக்கும்போது கணக்கில் எடுக்காமல் விடலாம் என்று சட்டமே சொல்கிறது. கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே கொடுத்து, தேதியும் வரிசை எண்ணும் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இணையவழி அனுப்பினாலும் நேரில் ஒரு படி கொடுங்கள். பின்னால் மேல்முறையீடோ வழக்கோ போனால் முதலில் கேட்கப்படுவது அந்தச் சீட்டுத்தான். ஒப்புகை இல்லாத மனு, கொடுக்காத மனு.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடங்கள்தான் கிடைக்கும். ஊரின் பெருமையும் சங்கத்தின் வரலாறும் அதில் பாதியைத் தின்றுவிடும். வரிசை எண், பக்க எண், கேட்கும் மாற்றம், ஒரே ஒரு காரணம் என்று பேசி உட்காருங்கள். ஐந்து பேர் பேசுவதானால் ஐந்து பேரும் வெவ்வேறு விஷயங்களைப் பேசுங்கள். கூட்டக் குறிப்பில் உங்கள் கோரிக்கை எப்படிப் பதிவானது என்பதை ஒரு வாரத்துக்குள் கேட்டுப் பாருங்கள். தவறாகப் பதிவாகியிருந்தால் உடனே எழுத்தில் திருத்தம் கொடுங்கள். கூட்டத்தில் கிடைத்த கைதட்டல் கோப்பில் ஏறாது. யாரிடம் பேசுகிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். திட்டத்தைத் தயாரிப்பவர் ஒருவர், பரிந்துரைப்பது ஒரு குழு, ஏற்பது மன்றம், ஒப்புதல் தருவது பல இடங்களில் மேலே உள்ள அரசு. தயாரிப்பவரிடம் தரவும் வாசகமும் கொடுங்கள். முடிவெடுப்பவரிடம் ஒரு பக்கச் சுருக்கம் போதும்.

உங்களிடம் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சங்கங்களில் பேசுபவர்கள் பெரும்பாலும் சொந்த வீடு உள்ளவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பகலில் கூட்டத்துக்கு வர முடிந்தவர்கள். வாடகைக்கு இருப்பவர், இரவு வேலைக்குப் போகிறவர், அடுத்த ஐந்து ஆண்டில் இந்த ஊருக்கு வரப்போகும் குடும்பம் ஆகியோர் அந்த அறையில் இல்லை. "எங்கள் தெருவில் அடுக்குமாடி வேண்டாம்" என்று எல்லாத் தெருவும் சொல்லி வென்றால், அந்த வீடுகள் ஊரின் விளிம்பில் உள்ள வயலுக்குப் போகும். அல்லது வாடகையாக ஏறும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-ல் ஏற்ற திட்டத்தில் குடியிருப்பு நிலத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கில் கூடுதல் அடர்த்தியை அனுமதித்தது. அதன்பின் நகருக்குள்ளேயே அடுக்கு வீடுகளுக்கான அனுமதிகள் பெருகின. உங்கள் ஊருக்கு அதே அளவு பொருந்த வேண்டியதில்லை. ஆனால் எங்கே வேண்டாம் என்று எழுதும் கடிதத்தில் எங்கே வரலாம் என்ற வரியும் இருந்தால், உங்களை எல்லாவற்றையும் எதிர்ப்பவர்கள் என்று ஒதுக்க முடியாது. பேருந்து நிலையத்தைச் சுற்றி அரை கிலோமீட்டரில் கூடுதல் தளம், நீர்நிலையைச் சுற்றிக் கட்டாத பட்டை என்று இரண்டையும் ஒரே தாளில் கேளுங்கள்.

சில நாடுகளில் மக்களே திட்டம் எழுதவும் சட்டம் இடம் தருகிறது. இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஊர்மட்டக் குழு (பாரிஷ் கவுன்சில்) இல்லாத பகுதியில் குறைந்தது 21 பேர் சேர்ந்து அக்கம்பக்க மன்றம் அமைக்கலாம். அவர்கள் தயாரிக்கும் திட்டம் ஆய்வுக்குப் பிறகு பொது வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஆதரவு பெற்றால் சட்டபூர்வத் திட்டத்தின் பகுதியாகும். ஜப்பானில் 2002-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, அரை ஹெக்டேருக்குக் குறையாத பகுதியில் நில உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் திட்ட மாற்றத்தை அவர்களே முன்மொழியலாம். இந்தியாவில் 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் நகரத் திட்டமிடலை உள்ளாட்சியின் பணிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டு, மாவட்டத்துக்கும் பெருநகரத்துக்கும் திட்டக் குழுக்களை அமைக்கச் சொன்னது. உங்கள் சட்டத்தில் இத்தகைய கதவு எங்கே இருக்கிறது என்று ஒரு வழக்கறிஞரை வைத்துத் தேடிப் பாருங்கள். பயன்படுத்துவார் இல்லாமல் கிடக்கலாம்.

ஆட்சேபக் காலம் முடிந்ததும் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அப்போது கேட்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. வந்த எல்லா ஆட்சேபங்களையும், ஏற்றது, பகுதியாக ஏற்றது, நிராகரித்தது, அதற்கான காரணம் என்று அட்டவணையாக வெளியிடச் சொல்லுங்கள். ஒப்புதல் பெற்ற இறுதி வரைபடத்தை வரைவின்மேல் வைத்து, யாரும் கேட்காமலே மாறிய புலங்கள் எவை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வரைவின் மின்பிரதியை வெளியான அன்றே தரவிறக்கி வைத்திருந்தால்தான் இது முடியும். இறுதித் திட்டம் வந்ததும் வரைவை இணையதளத்திலிருந்து எடுத்துவிடும் அலுவலகங்கள் உண்டு.

அதற்கும் பிறகு, ஒவ்வொரு புலமாக நிலப் பயன்பாட்டு மாற்றக் கோரிக்கைகள் வரத் தொடங்கும். இருபது ஆண்டுத் திட்டத்தை உண்மையில் கரைப்பது இவைதான்: ஒன்றிரண்டு ஏக்கராக, யாரும் கவனிக்காத அறிவிப்புகளாக. நாளிதழின் உள்பக்கத்திலும் அரசிதழிலும் அலுவலகப் பலகையிலும் வரும் இந்த அறிவிப்புகளை மாதம் ஒருமுறை பார்த்து, புல எண்ணைத் திட்ட வரைபடத்தில் குறித்து வைக்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள். ஒரு பேரேடும் ஒரு சிவப்புப் பேனாவும் போதும். மூன்று ஆண்டு கழித்துத் திட்டத்தை மறுஆய்வு செய்யும்போது, எந்தப் பச்சை மண்டலத்தில் எத்தனை புலங்கள் மாறின என்பதற்கு அலுவலகத்திடமே தொகுத்த கணக்கு இல்லாமல் போகலாம். அந்தப் பேரேட்டை எடுத்துக்கொண்டு மறுஆய்வின் முதல் கூட்டத்துக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
நிலப் பயன்பாட்டுத் திட்டப் பணியில் இருக்கும் சிலர்